நான் போகாத அறை

பஸ் இன்னும் கிளம்பவில்லை, இப்போதுகூட இறங்கிவிடலாம் என்று நினைத்தபடியே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காந்திபுரத்திலிருந்து வடவள்ளிக்கு நாற்பது நிமிஷம், லாலி ரோடு சிக்னலில் மாட்டிக்கொண்டால் ஐம்பது. அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். டிரைவர் கீழே நின்று டீ குடிக்கிறார், கண்டக்டர் மருதமலை, மருதமலை என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சித்திரை வெயில் சீட்டின் ரெக்ஸினைச் சுட்டுப் புடவை வழியாகத் தொடையில் ஏறுகிறது. துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, 'மறுபடியுமா' என்று என் கணவர் மனோகரன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். பூங்கொடியை எடுத்த அன்று போய்க் கும்பலோடு கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்ததுதான் முதல் தடவை. அன்று அவள் மகள் யாரையும் பார்க்கவில்லை, அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரகதிதான் முந்தாநாள் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். எத்தனை தடவை படித்தேனோ, போனைத் திறக்காமலே ஒப்பித்துவிடுவேன். 'ஆன்ட்டி, நான் பிரகதி, பூங்கொடியோட பொண்ணு. பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அம்மாவப் பத்தி நீங்க எழுதுனத எல்லாரும் எனக்கு அனுப்புனாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது எனக்குத் தெரியாது. கடைசி ஒம்பது நாள் தொண்டைல டியூப் இருந்ததால அம்மாவால பேச முடியல. டியூப் போடறதுக்கு முந்துன நாள் எனக்கு பிராக்டிகல், ஸ்கூலுக்குப் போயிட்டேன். நீங்க அன்னிக்குத்தான் வந்திருப்பீங்க. அம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. உங்ககிட்ட வேற என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கணும். ஒருநா வீட்டுக்கு வர முடியுங்களா.' நீங்க அன்னிக்குத்தான் வந்திருப்பீங்க. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். டியூப் இருந்ததே எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதியதில் ஓட்டை இருந்தது, அந்த ஓட்டையைப் பதினேழு வயதுப் பெண் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு என்னைச் சந்தேகப்படாமல், என் பொய் உட்கார்வதற்குத் தானே ஒரு நாளைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். அதுவும் எந்த நாளை, தான் பக்கத்தில் இல்லாமல் போன நாளை.

பஸ் கிளம்பிவிட்டது. இனி இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, எப்போதிலிருந்து மற்றவர் பார்ப்பது எனக்குப் பிடிக்காமல் போயிற்று. நான் எழுதியது என்ன, அதையும் ஒப்பிக்க முடியும். 'சில நாட்களுக்கு முன் அந்த அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: ஹேமா, என் பொண்ணு தைரியசாலி, ஆனா அவ அழறப்ப மட்டும் பக்கத்துல யாராவது இருக்கணும்.' அப்படி ஓர் அறைக்கு நான் போகவில்லை, அப்படி ஒரு கை என் கையைப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டு வந்த அன்று குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து பேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தபோது பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். பதினோரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம், அவள் கணக்கு, நான் வேதியியல், ஒரே வேனில் போய்வந்தோம் என்று உண்மையாகத்தான் தொடங்கினேன். நாலு வரி எழுதியதும் சப்பென்று இருந்தது. யார் படிப்பார்கள் இதை, வேனில் போய்வந்த கதையை. அப்போது விரல் தானாக 'அந்த அறையில்' என்று அடித்தது. அடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதினேன். அழுகை வந்ததால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. விளக்கேற்றுவதற்குள் முந்நூறு பேர், மறுநாள் இரண்டாயிரம், இன்று காலை பார்த்தபோது நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். நட்பென்றால் இதுதான் மேடம். கண்ணீரோடு படித்தேன் அக்கா. உங்களைப் போல் ஒரு தோழி கிடைக்க அவர் கொடுத்து வைத்தவர். கொடுத்து வைத்தவள் பூங்கொடியாம். யாரோ அந்த வரியை மட்டும் ரோஜாப்பூப் படத்தின் மேல் எழுதிச் சுற்றவிட்டார்கள், அது என் அத்தை பையன் வழியாக எனக்கே திரும்பி வந்தது. வந்தபோது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது, பூங்கொடி செத்து மூன்றாம் நாள் நான் சந்தோஷமாக இருந்தேன், சமையலறையில் பாட்டு முணுமுணுத்தேன்.

ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன், அது பொய்யில்லை. அவள் சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, ஆரஞ்சும் மாதுளையும் வாங்கிக்கொண்டு போனேன். கீழே ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் பார்வையாளர் சீட்டு எழுதித் தரும் பெண், அவளுக்கு முன்னால் இருபது பேர் வரிசை. செக்யூரிட்டி, 'நாலாவது மாடிக்குங்களா, ஒருத்தருக்குத்தான் அனுமதி, உள்ள இருக்கறவங்க இறங்கி வந்தாத்தான் நீங்க போகலாமுங்க' என்றார். வரிசையில் நின்றேன், பத்து நிமிஷம் நின்றிருப்பேன். தலைமுடி எல்லாம் கொட்டிப் போய்விட்டது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருந்தார்கள். பூங்கொடிக்கு முழங்கால் வரை முடி, பின்னலை மடியில் போட்டுக்கொண்டுதான் வேனில் உட்காருவாள். போனால் என்ன பேசுவது, அவள் முகத்தைப் பார்த்தால் என் முகம் என்ன ஆகும், அதை அவள் பார்ப்பாளே என்றெல்லாம் ஓடியது. பயம்தான். பயந்து திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, மனுஷிக்குப் பயம் வரத்தானே செய்யும். வரிசையிலிருந்து விலகி வராந்தாவுக்கு வந்தேன், அங்கே கடைசியில் ஒரு ஜன்னல், அதன் வழியாகச் சாய்ந்த வெயில் பச்சைச் சுவரிலும் காலியான சக்கர நாற்காலியிலும் விழுந்திருந்தது. பழப் பையைக் கீழே வைத்துவிட்டு அதைப் படம் எடுத்தேன். முதல் படத்தில் ஒரு நர்ஸின் முதுகு வந்துவிட்டது என்று அவள் போகும்வரை காத்திருந்து இரண்டாவது எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் மூன்று வாரம் கழித்துப் போட்டேன். அப்படியென்றால், எடுக்கும்போது எதற்கு எடுத்தேன். அவள் நாலாவது மாடியில் உயிரோடு இருந்தாளே. இந்தக் கேள்விக்கு முன்னால் வரும்போதெல்லாம் மனம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடுகிறது, நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. இப்போதும் சுற்றுகிறது. பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜூஸ் போட்டுக் குடித்தோம்.

"ஏனுங், நீங்க ஹேமலதா மேடந்தானுங்களே?"

பக்கத்து சீட்டில் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. என் வயதுதான் இருக்கும், மஞ்சள் புடவை, மடியில் அர்ச்சனைத் தட்டுக்கான பை, மருதமலைக்குப் போகிறவள். ஆமாம் என்றேன். "எம் பையன் உங்ககிட்டத்தான் படிச்சானுங்க, ரெண்டு வருசம் முன்னால. உங்க பேஸ்புக் நான் தெனமும் பாப்பனுங்க. அந்தச் சிநேகிதி செத்ததுக்கு எழுதுனீங்க பாருங்க, படிச்சுப்போட்டு எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதனுங்க. எனக்குன்னு இப்படி ஒருத்தி இல்லியேன்னு இருந்துச்சு." அவள் கண்ணில் இப்போதும் நீர் ததும்பியது. என்ன சொல்ல வேண்டும் நான். வாயைத் திறந்தால், அம்மா அது பொய்ங்க என்று வந்துவிடுமோ என்று ஒரு விநாடி பயந்தேன், ஆனால் வந்தது வேறு. தலையை லேசாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "அவ இன்னும் எங்கூடத்தான் இருக்கறாளுங்க" என்றேன். எவ்வளவு பழகிய சாய்வு, எவ்வளவு அளவான குரல். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான, சூடான கை. அது இதமாக இருந்தது, கடவுளே, இவ்வளவுக்குப் பிறகும் அது இதமாக இருந்தது. ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா என்று கேட்டாள், போனை நீட்டினாள், நான் ஜன்னல் பக்கம் இருந்த முகத்தைத் திருப்பி இடது பக்கம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன், வலது கன்னத்தில் கருமங்கு இருக்கிறது. யாரும் சொல்லாமல் கழுத்து தானே திரும்பியது. அந்தப் படத்தில் நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, நடுவில் ஒரு முகம் உண்டு, அதை வைத்திருந்தேன்.

வேளாண் பல்கலைக்கழகத்து மரங்கள் வந்துவிட்டன, நிழல் முகத்தில் விழுந்து விழுந்து போகிறது. அவள் பையை மடியில் அணைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் பதினைந்து நிமிஷம்கூட இல்லை. ஆமாம் பிரகதி, நான் அன்றுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன. குழந்தைக்கு ஆறுதல்தானே. என்ன சொன்னாள் அம்மா என்று கேட்டால் சொல்வதற்கு வரிகள் ஏற்கெனவே வந்து நிற்கின்றன, நான் கூப்பிடவே இல்லை. உன் கையெழுத்தைப் பற்றிப் பேசினாள். நீ பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிப் பேசினாள். நீ என்னவாக ஆனாலும் சரி, சிரித்த முகமாக இரு என்றாள். ஒன்றைவிட ஒன்று நன்றாக இருக்கிறது, மழை ரொம்ப நன்றாக இருக்கிறது. அவள் மழையில் பிறந்தாளா வெயிலில் பிறந்தாளா என்று எனக்கென்ன தெரியும். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அடுத்த பக்கம் போனால் அங்கேயும் அதே கை எழுதிக்கொண்டிருக்கிறது. 'இன்று நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அந்த அறைக்குப் போகவில்லை.' இங்கே ஒரு வரி இடைவெளி. 'இதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.' கீழே வரப்போகும் கமெண்ட்டுகள்கூடத் தெரிகின்றன, எவ்வளவு நேர்மை மேடம், இதைச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும். பழையதைவிட இது அதிகம் போகும். அதிகம் போகும் என்று நினைத்தேன், பி.என்.புதூர் நிறுத்தத்தில், செத்துப்போனவளின் வீட்டுக்குப் போகும் வழியில். எனக்கு வெட்கப்படுவதற்குக்கூட வேறு இடம் இல்லையா, அதையும் ஒரு மேடையில் ஏறித்தான் படவேண்டுமா. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காலில் ஒரு காயமும் இல்லாமல் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நொண்டியபடி பள்ளிக்கூடம் போனேன். முதல் நாள் ராஜாத்தி டீச்சர் ஒரு பிள்ளையின் காயத்தை மடியில் வைத்து ஊதிவிட்டதைப் பார்த்திருந்தேன். டீச்சர் என்னிடமும் கேட்டார், ஊதினார், துணியைப் பிரிக்கப் போனபோது கத்திக்கொண்டு ஓடினேன். இன்றும் அதே கால். ஆண்டுவிழாவுக்கு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் பூங்கொடி செய்தாள், பிரின்ஸிபால் மேடையில் தவறுதலாக ஹேமலதா மிஸ் என்று என் பேரைச் சொல்லிவிட்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் அவளைப் பார்த்தேன், அவள் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். 'உனக்கு அது வேணும்டி, எனக்கு வேண்டாம்' என்றாள் வேனில். கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் அவளை எனக்குப் பிடித்ததா, அதனால்தான் அவளைப் பார்க்கப் பயமா. வடவள்ளி எறங்கறவங்க என்று கண்டக்டர் கத்துகிறார். மஞ்சள் புடவைக்காரி கண் விழித்து, "போயிட்டு வாங்க மேடம், உங்களப் பாத்ததே சாமியப் பாத்த மாதிரி" என்கிறாள். இறங்கிவிட்டேன்.

வீடு நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் இரண்டாவது. கதவைத் திறந்த பிரகதி அம்மாவின் நெற்றியோடு நின்றாள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா இறப்புச் சான்றிதழ் விஷயமாக மாநகராட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றாள். தண்ணீர் கொண்டுவந்தாள். காபி போடட்டுங்களா ஆன்ட்டி என்றாள். வேண்டாம் என்றேன். ஹாலில் படம், சந்தன மாலை, அது முடி கொட்டுவதற்கு முன் எடுத்த படம். அவள் எதிரே மோடாவில் உட்கார்ந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புது நோட்டு. முதல் பக்கத்தில் இன்றைய தேதியும், அதற்குக் கீழே 'ஹேமா ஆன்ட்டி' என்றும் எழுதி அடியில் கோடு போட்டிருந்தது.

"மறந்துருவேனோன்னு பயமா இருக்குங்க ஆன்ட்டி. நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கறேன். மெதுவாச் சொல்லுங்க, அவங்க சொன்ன மாதிரியே."

பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். மழை வந்து நின்றது என் நாக்கில். நீ பிறந்த அன்று மழை என்று. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தேன். நான் சொன்னால் அதை இவள் எழுதுவாள், எழுதி வைத்து அறுபது வயது வரைக்கும் எடுத்துப் படிப்பாள், தன் பிள்ளைக்குக் காட்டுவாள்.

"நான் வரல, பிரகதி."

"எங்கீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. கீழ வரைக்கும் வந்தேன். மேல அம்மாவப் பாக்க வரல. எந்த நாளும் வரல."

அவளுக்குப் புரியவில்லை. கணக்கில் எங்கோ பிசகிவிட்ட மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப அம்மா சொன்னது?"

"அம்மா சொல்லல. நானா எழுதுனது."

அவள் பேனா மூடியைத் தேடினாள். மடியிலேயே இருந்தது, தேடி எடுத்து மாட்டினாள். வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தக்காளி தக்காளி என்று சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தது.

"எதுக்கு ஆன்ட்டி?"

நல்ல பதில்கள் வந்தன. துக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. போகாமல் விட்ட குற்ற உணர்ச்சி. போயிருக்க வேண்டிய அந்தச் சந்திப்பை எழுத்திலாவது. ஒவ்வொன்றும் அழகாகத் தலை வாரிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் படிக்கணும்னு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. படத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு அழுகையே வரல ஆன்ட்டி. அன்னிக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. நீங்க எழுதுனதப் படிச்சுட்டு ஸ்கூல்ல எல்லாரும் வந்து பக்கத்துல உக்காந்துக்குவாங்க. பரீட்சை ஹாலுக்கு வெளிய நின்னாக்கூட ரெண்டு பேரு வந்து தோள்ல கைய வெச்சுக்குவாங்க. அழுதுரு, அழுதுரு, உங்கம்மாவே சொல்லியிருக்காங்கல்லன்னு. அம்மா தப்பாச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் ஏதோ சரியில்ல, நாந்தான் அம்மா நெனச்ச மாதிரி இல்லைன்னு..." நிறுத்திக்கொண்டாள். "அதான், வேற ஏதாவது சொல்லியிருப்பாங்களான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

நாலாயிரத்து முந்நூறு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்பது போல் இருந்தது. மன்னிச்சுக்க கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தக் கண்ணு என்ற சொல்லை உபயோகிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விழுங்கினேன்.

"நெசமா எப்பங்க ஆன்ட்டி கடைசியாப் பேசுனீங்க அம்மாகூட?"

இதையும் சொல்ல வேண்டுமா என்றிருந்தது. சொன்னேன். பேசவில்லை. போன செப்டம்பரில் பூங்கொடி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள், இரண்டு நிமிஷம் சொச்சம். அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். இரண்டு நிமிஷம் நீளமாகத் தெரிந்தது. பிறகு கேட்காமல் விட்டதே சங்கடமாகி, அவள் பேரைப் பார்த்தாலே திரையைத் தள்ளிவிட்டுப் போனேன். இன்றுவரை கேட்கவில்லை.

"இருக்குதுங்களா?" என்றாள். எழுந்துவிட்டாள். நோட்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "போடுங்க."

வாட்ஸப்பில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன், விரல் வழுக்கியது, இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். பிரகதி என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து போனுக்கு மேல் குனிந்துகொண்டாள். அவள் தலையில் சீயக்காய் வாசனை. அழுத்தினேன். ஹாலுக்குள் பூங்கொடி பேசினாள்.

'ஹேமா, ஸ்கூல் விட்டாச்சா. ஒண்ணுமில்லடி, சும்மாதான். நேத்து நீ போட்ட போட்டோல அந்த வெங்காயக் கலர் பொடவ நல்லாருக்குது. லைக் போட்டுட்டேன், பாத்துக்க, அப்பறம் போடலைன்னு மூஞ்சியத் தூக்காத.' சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, குரல் கொஞ்சம் மங்கி மறுபடி தெளிந்தது. 'எனக்கு இந்தத் தடவ ஊசி போட்டதுல கால் ரெண்டும் மரத்துப்போச்சு, படிக்கட்டு ஏற முடியல. அது கெடக்கட்டும். உன்னால ஒரு காரியம் ஆகணும். இவளுக்குக் கெமிஸ்ட்ரில அந்த ஆர்கானிக்தான் வர மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் வந்து சொல்லித் தர்றியா. எனக்கும் உன்னப் பாத்த மாதிரி இருக்கும்...' அப்போது தூரத்தில் இன்னொரு குரல், உள் அறையிலிருந்து வருவது போல், 'அம்மா, கீஸர் போட்டியா?' பூங்கொடியின் குரல் போனிலிருந்து திரும்பியது. 'போட்டுட்டேன் சாமி, நீ போய்க் குளி. துண்டு கொடில கெடக்குது பாரு. அது இல்ல, பச்சத் துண்டு. ஆ, அதுதான்.' மறுபடி பக்கத்தில் வந்தது. 'சரிடி, வெக்கறேன். கேட்டுட்டுச் சொல்லு. அவசரமில்ல.'

முடிந்துவிட்டது. பிரகதி கையை நீட்டி, என்னைக் கேட்காமல், என் கையிலிருந்த போனில் அந்தக் கோட்டைப் பின்னால் தள்ளினாள். கீஸர் போட்டியா. போட்டுட்டேன் சாமி. மறுபடி தள்ளினாள். துண்டு கொடில கெடக்குது பாரு. நாலு தடவை, ஐந்து தடவை. அவள் முகம் அழவில்லை, உதடு மட்டும் அம்மாவோடு சேர்ந்து அசைந்தது, அது இல்ல, பச்சத் துண்டு. நான் அங்கே இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை. என் கை ஒரு போன் வைக்கும் ஸ்டாண்டாக அவளுக்கு முன்னால் நீண்டிருந்தது. பிறகு, "இத எனக்கு அனுப்புங்க ஆன்ட்டி" என்றாள். அனுப்பினேன். உள் அறையில் அவள் போன் மணியடித்தது.

"அந்தப் போஸ்ட எடுத்துருங்க" என்றாள். "இப்பவே."

திறந்தேன். புதிதாக ஏழு பேர். ஏழு என்று கண் எண்ணியது, நான் எண்ணச் சொல்லவில்லை. அவள் பார்க்க அழித்தேன். நிச்சயமாகவா என்று போன் கேட்டது, ஆமாம் என்றேன். இருந்த இடத்தில் அடுத்த படம் ஏறி வந்து உட்கார்ந்தது, நான், ஏதோ கல்யாணத்தில், இடது பக்க முகத்தோடு.

"வேற ஒண்ணும் எழுதாதீங்க ஆன்ட்டி. ஸாரின்னும் எழுதாதீங்க. அம்மாவப் பத்தி எதுவுமே."

"எழுதல."

எழுந்தேன். கால் மரத்திருந்தது. ஏதாவது ஒன்று செய்துவிட்டுப் போக வேண்டும், ஒரு சின்னக் காரியம், உண்மையான காரியம்.

"அம்மா கேட்டிருந்தாங்களே" என்றேன். "அந்த ஆர்கானிக். நான் வேணா வர்றேன். ஞாயித்துக்கெழம."

அவள் என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்தபோது இருந்த அதே மரியாதை அவள் முகத்தில் திரும்ப வந்துவிட்டிருந்தது.

"பரீட்சை முடிஞ்சிருச்சுங்க ஆன்ட்டி."

"எப்படி எழுதியிருக்கற?"

"மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்கேன்" என்றாள். கதவு வரை வந்து, "பஸ்ஸு இந்தப் பக்கமே நிக்குமுங்க, ரோட்டத் தாண்ட வேண்டாம்" என்றாள்.

வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே பூங்கொடியின் குரல் மறுபடி ஆரம்பித்தது, இம்முறை மகளின் போனிலிருந்து. என் பேரைச் சொல்லும் முன்பகுதி இல்லை, அதைத் தாண்டித் தள்ளிவிட்டிருந்தாள். நேராகக் கீஸருக்குப் போயிருந்தாள். நின்று கேட்கத் தோன்றியது. எனக்கு அனுப்பியதுதான், ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கும் இடம் அதுவல்ல, வார் பாதி மாட்டிய செருப்போடு படியிறங்கினேன். வெயில் தார்ச் சாலையில் ஆவி போல ஆடியது. நிறுத்தத்தில் யாரும் இல்லை, என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை, பூங்கொடியின் சிரிப்பு காதில் வந்தது, வந்த அந்த இடத்திலேயே ஒரு வரி முளைக்க ஆரம்பித்தது. ஒரு தாயின் கடைசிச் சொல், பச்சைத் துண்டு என்று. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன், அதற்குள் நினைத்துவிட்டேன். போனைக் கைப்பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அடுத்த வரி வந்துகொண்டிருந்தது. எதிரே போகிற வண்டிகளின் நம்பர்களை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு, நாலு ஒன்று ஒன்பது ஆறு. அறுபத்தாறு, இரண்டு பூஜ்யம் ஏழு ஏழு. பஸ் வரும்வரை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.